“ஒரு யானை கூடுதலாக இருந்தும் என் மகன் தோற்றுவிட்டான்”

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒரு தந்தை எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஐந்து வருடமாகச் செஸ் ஆடுகிறான். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் 1600-ஐத் தாண்டிவிட்டது. போன மாதம் வெளியூரில் நடந்த ஒரு டோர்னமென்ட்டில், தன்னைவிட 150 புள்ளி அதிகம் உள்ள ஒருவரோடு ஆடி, ஒரு முழு யானையை அதிகமாக வாங்கிவிட்டான். ஆனால் அதற்குள் கிளாக்கில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. 41-வது மூவில், சிப்பாயை ராணியாக்கிவிடும் அவசரத்தில் அதை முன்னே தள்ளியிருக்கிறான். எதிராளியின் ஒற்றை யானை கடைசி வரிசைக்கு இறங்கி மேட் வைத்துவிட்டது. பையனுடைய ராஜா தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

இதுபோல் ஜெயிக்கும் ஆட்டத்தைக் கோட்டைவிடுவது இந்த வருடத்தில் நான்காவது முறையாம். அதற்கு முன்பு ஒரு ராபிட் போட்டி. ஆளுக்கு 20 நிமிடம், மூவுக்கு மூவு கூடும் நொடி எதுவும் கிடையாது. அதில் மகனிடம் ராணி இருந்தது, எதிராளியிடம் ஒரே ஒரு சிப்பாய்தான். மகனின் நேரம் தீர்ந்து ஃபிளாக் விழுந்துவிட்டது, நடுவரான ஆர்பிட்டர் தோல்வி என்று எழுதிவிட்டார். “டிராவாவது கொடுத்திருக்க வேண்டாமா, இது அநியாயம் இல்லையா?” என்று கேட்கிறார்.

போன மாதத் தோல்விக்குப் பிறகு ஊர் திரும்பும் பஸ்ஸில் நான்கு மணி நேரம் மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பேசியிருக்கிறார்: “அஞ்சு வருஷமா செலவு பண்ணதுக்கு இதுதானா?” மகன், “இனிமே நான் ஆடலப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். மூன்று வாரமாகப் போர்டைத் தொடவில்லை. மகனுக்கு மனதைரியம் இல்லையா, தினமும் பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டம்) ஆட வைத்தால் சரியாகுமா, கோச்சை மாற்றலாமா, பத்தாம் வகுப்பு வருவதால் நிறுத்திவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். தோற்ற ஆட்டத்தின் மூவ்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டைப் பர்ஸில் வைத்திருப்பதாகவும், மூன்று பேரிடம் காட்டி யோசனை கேட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்பு நண்பருக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் பேசாமல் வந்ததையும் வாசலில் சொன்னதையும் நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. உங்கள் மனம் அங்கேதான் உறுத்துகிறது என்று புரிகிறது. அதனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக நான் எதையும் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, ஊர் ஊராகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், ஹாலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி நேரம் காத்திருக்கும் அப்பாக்களையும் அம்மாக்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், வெளியே வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்ளும் அந்தக் காத்திருப்பு சாதாரணமானதல்ல.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

85 நிமிடம்

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “18-வது மூவிலேயே 14 நிமிடம்தான் இருந்ததாம்.” எனக்கு முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். போட்டி 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 நொடி கூடும். 18 மூவுக்கு 9 நிமிடம் கூடியிருக்கும். அப்படியென்றால் அவனிடம் அதுவரை இருந்தது 99 நிமிடம். அதில் 14 போக, 85 நிமிடத்தை முதல் 18 மூவுக்கே செலவழித்திருக்கிறான். ஒரு மூவுக்குச் சராசரி ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓப்பனிங்கில் ஏழெட்டு மூவாவது மனப்பாடமாக ஆடியிருப்பான் என்று வைத்துக்கொண்டால், மீதி பத்து மூவுக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, “கடைசி நேரத்தில் பதறிவிட்டான், தைரியம் இல்லை” என்று நீங்கள் நினைப்பது சரியான இடத்தைத் தொடவில்லை. கையில் 40 நொடி வைத்துக்கொண்டு யானை எண்டிங் (யானைகள் மிஞ்சிய கடைசிக் கட்டம்) ஆடினால் யாருக்கும் பார்வை குறுகும். நம் மனம் ஒரே நேரத்தில் நினைவில் தாங்கிப் பிடிக்கும் விஷயங்கள் சிலவே. நெருக்கடி வரும்போது அதுவும் சுருங்கிவிடும். தன் சிப்பாய் ராணியாகும் வழி தெரியும், எதிராளியின் யானை என்ன செய்யும் என்பது தெரியாது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரு யானை கூடிவிட்டது என்றதும் “ஜெயிச்சாச்சு” என்று மனம் போர்டை விட்டு எழுந்துவிடும். உடம்பு மட்டும் நாற்காலியில் இருக்கும். 41-வது மூவில் நடந்தது இதுதான். அது கோழைத்தனம் அல்ல.

கேட்க வேண்டிய கேள்வி, அந்த 85 நிமிடம் எதற்குப் போனது என்பது. நான் பார்த்த பிள்ளைகளில் சிலர் கணக்குப் போடப் பிடித்து, போர்டின் அழகில் சொக்கிப்போய் நேரத்தை விடுவார்கள். சிலருக்கு ஓப்பனிங் சரியாகத் தெரியாது. ஆனால் பாதிக்கு மேல் பேர் நேரம் இழப்பது வேறு காரணத்தால். நல்ல மூவை இரண்டாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு ஏழு நிமிடம் அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயம்.

உங்கள் மகன் இந்த மூன்றில் எந்த வகை என்று அவனோடு பேசாமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதைச் செல்போனில் என்ஜினில் (மூவ்களைச் சரிபார்க்கும் செஸ் மென்பொருள்) போட்டு, எந்தெந்த மூவில் தப்பு என்று பார்த்து, ஒரு நோட்டில் சிவப்பு மையில் குறித்துவைக்கிறீர்கள். இரண்டு வருட நோட்டு இருக்கிறது என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒரு 14 வயதுப் பையனின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு மூவை ஆடும்போதும் அன்று இரவு அது சிவப்பில் ஏறுமா என்ற கேள்வி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவன் எதிராளியோடு மட்டும் ஆடவில்லை, அந்த நோட்டோடும் ஆடுகிறான். இரண்டாவது நிமிடத்தில் கண்டுபிடித்த மூவை ஒன்பதாவது நிமிடத்தில்தான் ஆடத் துணிவு வருகிறது.

என்ஜின் காட்டும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பிளஸ் ஆறு’, அதாவது ஆறு சிப்பாய் அளவு முன்னிலை என்று அது சொல்வது, இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்ற கணக்கு. கிளாக்கில் 40 நொடியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. கிளாக்கும் போர்டின் ஒரு பகுதிதான், 33-வது காய் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எதிராளியிடம் 25 நிமிடம் இருந்து உங்கள் மகனிடம் 40 நொடி இருந்தால், அந்த நிலை நீங்கள் நினைக்கும் அளவுக்கு ‘ஜெயித்த ஆட்டம்’ அல்ல. அவனிடமிருந்து யாரோ ஒரு புள்ளியைத் திருடிவிட்டதுபோல் நீங்கள் வருந்துகிறீர்கள். அந்தப் புள்ளி அப்போது இன்னும் அவன் கைக்கு வரவில்லை.

மாமல்லபுரத்தில் நடந்தது

2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்தாவது சுற்றில் இந்தியாவின் இரண்டாவது அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. முதல் போர்டில் 16 வயது குகேஷ், எதிரே நோதிர்பெக் அப்துசத்தோரோவ். குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து வந்திருந்தார். இந்த ஆட்டத்திலும் ஜெயிக்கும் நிலை வந்தது. அது நழுவிச் சமநிலையானது. அப்போதும் டிராவுக்கு ஒப்புக்கொள்ளாமல் வெற்றிக்கே முயன்றார். நேர நெருக்கடியில் ஒரே ஒரு பெரிய பிழை, ஆட்டம் போய்விட்டது. அந்தச் சுற்று 2-2 என்று முடிந்தது. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், நம் இரண்டாவது அணிக்கு வெண்கலம். தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நாள் அது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் போர்டுக்கான தனிநபர் தங்கத்தையும் அதே ஒலிம்பியாட்டில் குகேஷ்தான் வாங்கினார். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியிலும் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். பட்டம் வாங்கிய பிறகு அவர் சொன்னது எனக்கு மறக்காது: அந்த வலிக்கிற தோல்விக்குப் பிறகுதான் தன்னால் ஜெயிக்க முடியும் என்று உண்மையில் தோன்றியதாம். அந்த வருடம் டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார்.

உங்கள் மகனும் உலக சாம்பியன் ஆவான் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஆகமாட்டான், ஆகவும் தேவையில்லை. நான் சொல்ல வந்தது, இப்படிப்பட்ட தோல்வி ஒரு பிள்ளைக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அடுத்த ஒரு நாளும் இரண்டு நாளும் தீர்மானிக்கின்றன என்பதைத்தான். நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன்கூட 2025 ஜூனில் ஸ்டவாங்கரில் குகேஷிடம் ஜெயிக்கும் ஆட்டத்தை நேர நெருக்கடியில் விட்டு, மேசையைக் குத்தினார். அவர் நேற்று ஆடத் தொடங்கியவர் அல்ல, பல்லாண்டு உலகின் முதல் இடத்தில் இருப்பவர். வலி எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் மகனுக்கு அந்த வலியோடு நான்கு மணி நேர மௌனமும் சேர்ந்துகொண்டது.

பிளிட்ஸ் ஆட வைக்கலாமா?

தினமும் இரண்டு மணி நேரம் செல்போனில் மூன்று நிமிட பிளிட்ஸ் ஆடினால் வேகம் வரும் என்று உங்களிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். வேகம் வரலாம். நேர நெருக்கடி போகாது. ரஷ்யாவின் அலெக்சாண்டர் கிரிஷ்சுக் உலக பிளிட்ஸ் பட்டத்தை 2006, 2012, 2015 என்று மூன்று முறை வென்றவர். அவரைவிட வேகமாக ஆடத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதே மனிதர் நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில் நேர நெருக்கடிக்குப் பெயர்போனவர். வேகமாக ஆடத் தெரிவது ஒரு திறமை. எங்கே நேரம் செலவழிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு திறமை. உங்கள் மகனுக்குக் குறைவது இரண்டாவது.

பிளிட்ஸே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆசைக்கு ஆடட்டும். படுக்கப் போகும் முன் மட்டும் வேண்டாம். தோற்ற வேகத்தில் இன்னொன்று, இன்னொன்று என்று போய் தூக்கம் கெடும்.

ஆர்பிட்டர் செய்தது சரியா?

ராபிட் போட்டியில் நடந்தது உங்களுக்கு ஆறாத கோபமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் விவரப்படி ஆர்பிட்டர் விதிப்படிதான் முடிவு கொடுத்திருக்கிறார். ஃபிளாக் விழுந்தால் தோல்வி. ஒரே விலக்கு, சட்டப்படியான எந்த மூவ் வரிசையாலும் எதிராளியால் மேட் வைக்கவே முடியாது என்றால் மட்டும் டிரா. எதிராளியிடம் ராஜா மட்டும் தனியாக இருந்திருந்தால் டிரா கிடைத்திருக்கும். ஒரு சிப்பாய் இருந்தாலே அது ராணியாகலாம், மேட் வைக்கலாம். நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை விதி பார்ப்பதில்லை, நடக்க முடியுமா என்று மட்டுமே பார்க்கும். ஆகவே புகார் எழுதும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் மகனுக்கு அன்று ஒரு வழி இருந்திருக்கலாம். கூடுதல் நொடி இல்லாத போட்டிகளுக்கென்று ஃபிடே விதிகளோடு சில வழிகாட்டு நெறிகள் உண்டு. அவை அந்தப் போட்டிக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால், இரண்டு நிமிடத்துக்குக் கீழே வந்த ஆட்டக்காரர் தன் முறை வரும்போது ஆர்பிட்டரை அழைத்து, இருவருக்கும் மூவுக்கு 5 நொடி கூட்டித்தரச் சொல்லிக் கேட்கலாம். அப்படிக் கேட்பது டிரா கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளப்படும். எதிராளி டிராவை மறுத்து, ஆர்பிட்டர் கோரிக்கையை ஏற்றால், எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்து ஆட்டம் தொடரும். இல்லாவிட்டால், எதிராளி சாதாரணமாக ஆடி ஜெயிக்க வழியில்லை என்று சொல்லி டிரா கோரவும் இடம் உண்டு. ராணிக்கு எதிராக ஒரு சிப்பாயை வைத்திருப்பவர் விஷயத்தில் ஆர்பிட்டர் இதைப் பரிசீலித்திருப்பார். இரண்டையும் ஃபிளாக் விழும் முன்பே கேட்க வேண்டும். விழுந்த பிறகு எந்த உரிமையும் இல்லை. அடுத்த முறை இப்படிப்பட்ட போட்டிக்குப் போனால், முதல் சுற்று தொடங்கும் முன் ஆர்பிட்டரிடம் “இந்த நெறிகள் உண்டா சார்?” என்று உங்கள் மகனே போய்க் கேட்கட்டும்.

கேட்பது அவனாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆட்டம் நடக்கும்போது அப்பா அம்மாவுக்கு உள்ளே குரல் கிடையாது, பார்வையாளர் யாரும் பேசக் கூடாது. ஆர்பிட்டரின் முடிவில் சந்தேகம் இருந்தால் கிளாக்கை நிறுத்திவிட்டு அங்கேயே சொல்ல வேண்டும். இருவரும் ஸ்கோர்ஷீட்டில் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆர்பிட்டர் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய அதுவே நிற்கும். நேர நெருக்கடியில் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிடலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, அல்லது தெரிந்தும் கூச்சம். சிப்பாய் எட்டாவது வரிசைக்கு வந்துவிட்டது, பக்கத்தில் ராணி இல்லை என்றால் கிளாக்கை நிறுத்திக் கேட்கலாம். பதற்றத்தில் ராணிக்குப் பதிலாக யானையைக் கவிழ்த்து வைத்தால் அது யானையாகத்தான் எண்ணப்படும். 2017-ல் கனடாவின் தேசிய சாம்பியன் பட்டத்தைத் தீர்மானித்த பிளிட்ஸ் ஆட்டத்தில் இதேதான் நடந்தது, யானையைக் கவிழ்த்து வைத்தவர் தோற்றார்.

எதிராளி விதிக்கு மாறான மூவ் ஆடிக் கிளாக்கை அழுத்திவிட்டால், கிளாசிக்கலில் முதல் தடவைக்கு உங்கள் மகனுக்கு இரண்டு நிமிடம் கூடும். ஒரு நிமிடத்தில் தவிப்பவனுக்கு அது பெரிய சொத்து. கிளாக்கை நிறுத்திக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் கடிதத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் மூவ் எழுத வேண்டாம் என்று. மூவுக்கு 30 நொடி கூடும் போட்டியில் அந்தச் சலுகை இல்லை, கடைசிவரை எழுத வேண்டும். ஆனால் எதிராளி ஆடியதை எழுதாமலேயே பதில் மூவை ஆடிவிட்டு, கிளாக்கை அழுத்தியபின் இரண்டையும் சேர்த்து எழுத விதி இடம் கொடுக்கிறது. அடுத்த மூவுக்கு முன் எழுதியிருந்தால் போதும். ‘ஆடு, அழுத்து, எழுது’ என்ற வரிசை கைப்பழக்கமானால் ஒவ்வொரு மூவிலும் ஐந்தாறு நொடி மிச்சம்.

நிறுத்துவதா, தொடர்வதா?

பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டி இப்போது நிறுத்தினால், அவன் படிப்புக்காக நிறுத்தினான் என்று ஊருக்குச் சொல்லலாம். அவனுக்கு மட்டும் தெரியும், அந்த யானை எண்டிங்கில் தோற்றதால் நிறுத்தப்பட்டோம் என்று. அதைத்தான் நான் அஞ்சுகிறேன். குறைப்பது வேறு. வருடத்துக்கு எட்டு டோர்னமென்ட் என்பதை இரண்டாக்குங்கள், அவற்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அவன் ஆடவே வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் தோற்ற இரவில் வாசலில் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதம் கழித்து, ஒரு சாதாரண நாளில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். அப்போது சொல்வதுதான் அவனுடைய பதில்.

கோச்சை மாற்றும் யோசனையைத் தள்ளிவையுங்கள். ஐந்து வருடமாக இவனை அறிந்தவர். அவரிடம் 85 நிமிடக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லாவிட்டால் அப்புறம் யோசிக்கலாம்.

ரேட்டிங் பற்றி. ஜெயித்திருந்தால் 28 கூடியிருக்கும், தோற்றதால் 12 போனது, மொத்தம் 40 நஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, ரேட்டிங் 2300-ஐ எட்டாதவரை, எதிர்பார்த்த முடிவுக்கும் கிடைத்த முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை 40 என்ற எண்ணால் பெருக்குகிறார்கள், பெரியவர்களுக்கு அது பாதிதான். இறங்கும்போது வேகமாக இறங்குவதற்கு இதுவே காரணம். ஏறும்போதும் அதே வேகம். வளரும் பிள்ளையின் எண் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். 12 புள்ளி இரண்டு நல்ல ஆட்டத்தில் திரும்பி வந்துவிடும்.

ஆனால் ஓய்வறையில் தலையில் தானே அடித்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் லேசாக விடமாட்டேன். ஒருமுறை கோபத்தில் செய்தது என்றால் பயப்பட வேண்டியதில்லை. அது திரும்ப நடந்தாலோ, தூக்கம் சாப்பாடு குறைந்து இந்த மூன்று வாரமும் அப்படியே போனாலோ, நண்பர்களை விட்டு ஒதுங்கினாலோ, “நான் எதுக்கும் லாயக்கில்ல”, “நான் இல்லாட்டி நல்லாருக்கும்” என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலோ, செஸ்ஸைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடமோ குழந்தைகளுக்கான ஆலோசகரிடமோ கூட்டிப்போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களும் அழைக்கலாம்.

மறுபடி ஆடத் தொடங்கினால்

அவனாகப் போர்டை எடுக்கும்போது, கோச்சின் சம்மதத்தோடு இரண்டு மூன்று பழக்கம் சொல்கிறேன். ஸ்கோர்ஷீட்டில் ஒவ்வொரு ஐந்து மூவுக்கும் கிளாக்கில் உள்ள நேரத்தை எழுதட்டும். விதி இதை அனுமதிக்கிறது. 90 நிமிடப் போட்டிக்கு என் கணக்கு: 10-வது மூவில் 80 நிமிடம், 20-ல் 55, 30-ல் 30. சற்று முன்பின் இருக்கலாம். 55 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால், அங்கேயே விழித்துக்கொள்ள நேரம் இருக்கும். 41-வது மூவில் விழித்தால் இருக்காது. இரண்டு மூவ் சமமாகத் தெரிந்து பத்து நிமிடம் தாண்டிவிட்டால், முதலில் தோன்றியதை ஆடிவிடட்டும். அது என்ஜினின் முதல் தேர்வாக இல்லாமல் போகலாம், பரவாயில்லை.

ஜெயிக்கும் நிலையில் நேரம் குறைந்துவிட்டால், அழகான வழியைத் தேட வேண்டாம். காய்க்குக் காய் வெட்டிப் போர்டைக் காலியாக்குவதும், ராஜாவுக்கு ஒரு சிப்பாயை நகர்த்தி மூச்சுவிட ஜன்னல் திறப்பதும் போதும். அன்று அந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் மேட்டே கிடையாது. மூவுக்கு 30 நொடி கூடும்போது, ஆபத்தில்லாமல் காயை முன்னும் பின்னும் நகர்த்தி அதே நிலையை ஒருமுறை திரும்பக் கொண்டுவந்தால் இரண்டு மூவுக்கு ஒரு நிமிடம் சேரும். மூன்றாவது முறை அதே நிலை வந்தால் எதிராளி டிரா கேட்டுவிடுவார், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மூவுக்கும் முன் மனதுக்குள் ஒரே கேள்வி: “அவர் எனக்கு இப்போ என்ன செய்வார்?” மூன்று நொடி போதும்.

இதையெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். கோச் சொல்லட்டும். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஹாலை விட்டு அவன் வெளியே வரும்போது ஜெயித்தானா தோற்றானா என்று கேட்காதீர்கள், அவனே சொல்வான். தண்ணீர் கொடுங்கள். சாப்பிடக் கூட்டிப்போங்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவனுக்கு விடுங்கள், எதைப் பற்றியாவது பேசிக்கொண்டு வாருங்கள், கடையில் அன்று வந்த வண்டியைப் பற்றியாவது. ஆட்டத்தைப் பற்றி அன்று வேண்டாம். மறுநாளும் அவன் பேச்செடுத்தால் மட்டும். அப்போதும் முதல் கேள்வி “எங்க தப்பு பண்ண?” என்று வேண்டாம், “எந்த இடம் உனக்குப் பிடிச்சிருந்துச்சு?” என்று கேளுங்கள். தன்னைவிட 150 புள்ளி அதிகம் உள்ளவரிடம் ஒரு முழு யானையை வாங்கியிருக்கிறான். அதை எப்படி வாங்கினான் என்று இதுவரை யாராவது அவனிடம் கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் ஆறு பக்கம் இருக்கிறது, அது இல்லை.

சிவப்பு மை நோட்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். என்ஜினில் போட வேண்டுமானால் அவனும் கோச்சும் போட்டுக்கொள்ளட்டும், முதலில் என்ஜின் இல்லாமல் இருவரும் யோசித்துவிட்டு.

வாசலில் சொன்ன வார்த்தைக்கு அவனிடம் வருத்தம் சொல்லுங்கள். “அன்னைக்கு அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா” என்றால் போதும், நீண்ட விளக்கம் வேண்டாம். பதில் எதிர்பார்க்காதீர்கள். பர்ஸில் இருக்கும் அந்த ஸ்கோர்ஷீட்டையும் அப்போதே அவனிடம் கொடுத்துவிடுங்கள். இனி யாரிடமும் காட்ட வேண்டாம், அது அவன் ஆடிய ஆட்டம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்